கோலார் தங்க வயல்: சுரங்கக் குடியிருப்பில் வீடும் கடையும் யாருக்குச் சொந்தம்?

கோலார் தங்க வயலில் இயங்கிய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. வேலை போனது, வீடு நின்றது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், கோரமண்டல் பகுதிகளின் லைன் வீடுகளில் முன்னாள் தொழிலாளர்களின் குடும்பங்கள் இன்றும் வசிக்கின்றன. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே இவர்களில் பெரும்பாலோர். பலருக்கு இது மூன்றாம், நான்காம் தலைமுறை வீடு. ஆனால் வசிப்பதும் சொந்தமாக இருப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

நிறுவனம் தன் ஊழியருக்கு ஒதுக்கும் வீட்டில் அவருக்குக் கிடைப்பது குடியிருக்கும் அனுமதி மட்டுமே. அனுமதி பெற்றுக் குடியிருப்பவர், எத்தனை ஆண்டுகள் வசித்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின் கட்டண ரசீது ஆகியவை வசிப்பிடத்துக்குச் சான்று. சொத்துரிமைக்குச் சான்று அல்ல. வங்கிகள் அடமானக் கடனுக்குக் கேட்பது பதிவு செய்யப்பட்ட பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையுமே. வீட்டைத் தங்கள் பெயருக்கே எழுதித் தர வேண்டும் என்ற முன்னாள் தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பின்னால் இருப்பது இந்த நடைமுறைச் சிக்கல்தான்.

மத்திய அரசு குறைந்தது 51 விழுக்காடு பங்கு வைத்துள்ள நிறுவனத்தின் கட்டடங்களுக்கு 1971-ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் (அனுமதியற்றோரை வெளியேற்றுதல்) சட்டம் பொருந்தும். இத்தகைய கட்டடங்களில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-லேயே தெளிவுபடுத்தியது. இச்சட்டத்தின்படி, வெளியேற்றும் முன் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். உத்தரவு வெளியான பின் 12 நாள்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கமான சிவில் வழக்குக்கு இடமில்லை என்பதால், நோட்டீஸை வாங்க மறுப்பதும் பதில் தராமல் விடுவதும் குடியிருப்பவருக்கே பாதகம். அனுமதியின்றி முன்புறம் நீட்டிக் கட்டிய அறையையும், நிறுவன இடத்தில் பரப்பிய சரக்கையும் அகற்ற இதே சட்டம் அதிகாரம் தருகிறது.

முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி வீட்டையோ கடையையோ கைமாற்றுவது இன்னொரு ஆபத்து. விற்பவரிடம் இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. உரிமை உள்ள சொத்திலும்கூட, விற்பனை ஒப்பந்தம், பொது அதிகார ஆவணம், உயில் ஆகியவற்றால் மட்டும் சொத்து மாறாது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து இப்படி வாங்கியவரின் கையில் மிஞ்சுவது, விற்றவர் மீது பணம் கேட்டு வழக்குத் தொடரும் உரிமைதான்.

சிறு வணிகர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நகரசபை தரும் வணிக உரிமம் தொழில் நடத்துவதற்கானது. கடை நிற்கும் இடத்துக்கு அது பட்டா ஆகாது. ஜி.எஸ்.டி. பதிவுக்கும் இது பொருந்தும். தள்ளுவண்டி, நடைபாதைக் கடைக்காரர்களுக்கு மட்டும் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை அவர்களை அகற்றக் கூடாது என்கிறது அச்சட்டம். ராபர்ட்சன்பேட்டையில் முறையான பத்திரம் உள்ள தனியார் மனைகளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

சுரங்கச் சொத்துகளுக்கு உலகளாவிய டெண்டர் விட 2013-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. உள்ளூரில் சயனைட் மேடு எனப்படும் கழிவுமண் குன்றுகளில் 13-ஐ ஏலம் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. நிலம் கைமாறும் பேச்சு எழும்போதெல்லாம் வீடுகளின் கதி குறித்த கேள்வியும் எழுகிறது.

ஒதுக்கீட்டுக் கடிதம், சம்பளச் சீட்டு, பணிமுடிவுத் தொகை பெற்ற ரசீது, ஊழியர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று ஆகியவற்றைக் குடும்பங்கள் பத்திரப்படுத்துவது அவசியம். வீடு வழங்கும் திட்டம் வந்தாலும், நோட்டீஸ் வந்தாலும் முதலில் கேட்கப்படுபவை இவையே. பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம்.