வேளாண் எச்சமும் செயலூட்டிய கரியும்: சின்னசேலம் வட்டாரத்தை முன்வைத்து

கரி வாயுக்களைப் பரப்புக்கவரும் இயல்புடையது என்பதை 1773-இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே கண்டறிந்தார். 1900, 1901-ஆம் ஆண்டுகளில் ஆஸ்ட்ரெய்கோ, நீராவியையும் கரியமில வாயுவையும் செலுத்திக் கரியில் நுண்துளைகளைப் பெருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் தேங்காய்ச் சிரட்டைக் கரி நச்சுவாயு முகமூடிகளில் இடம்பெற்றது; வேளாண் எச்சம் உயிர்காக்கும் பொருளாயிற்று.

சின்னசேலம் வட்டாரத்தில் விளையும் மக்காச்சோளத்தின் தட்டை, மரவள்ளித் தண்டு, கரும்புச் சக்கை ஆகியனவும் இத்தகைய கரிக்கு உரிய மூலப்பொருள்களே. அன்று துளையுண்டாக்கப் பயன்பட்ட கரியமில வாயுவே இன்று அத்துளைகளில் கவரப்பட வேண்டியதாயிற்று. ஆயினும், வெப்பம் கூடினாலோ அழுத்தம் குறைந்தாலோ கவர்ந்த வாயுவைக் கரி மீண்டும் வெளிவிடும். முகமூடியின் பணி தடுப்பதோடு முடிந்தது. இப்பணியோ, வெளிவரும் வாயுவை நிலையாகச் சேமித்தால் மட்டுமே நிறைவுறும்.