மனசுக்கு ஒரு நம்பர்

லண்டனில் தீப்பிடித்தால், திருடன் வந்தால் 999-ஐச் சுழற்றலாம் என்ற ஏற்பாடு 1937-லேயே வந்துடுச்சு. ஆனா, வாழவே பிடிக்கலைன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்குத் தோணினா எந்த நம்பரைச் சுழற்றுறது? இதுக்குப் பதில் வர இன்னும் 16 வருஷம் ஆச்சு. பதிலைக் கண்டுபிடிச்சவர் ஒரு பாதிரியார். பக்கத்தில் காமிக்ஸுக்கும் எழுதிக்கிட்டிருந்தவர். 'ஈகிள்' பத்திரிகையில் வந்த டான் டேர் விண்வெளித் தொடருக்கு அறிவியல் ஆலோசகர் வேற :-)

அவர் பேரு சாட் வாரா (1911–2007). 1935-ல் லிங்கன் நகரத்தில் இளம் பாதிரியாரா இருந்தப்போ ஒரு சிறுமியோட இறுதிச் சடங்கை நடத்தவேண்டி வந்தது. அவ வயசுக்கு வந்திருக்கா. அதை ஏதோ பால்வினை நோய்னு நினைச்சு பயந்து, யார்கிட்டயும் கேட்க முடியாம உயிரை விட்டுட்டா. ஒரு அக்காவோ அத்தையோ அஞ்சு நிமிஷம் உட்காரவெச்சுப் பேசியிருந்தா தீர்ந்திருக்கும். இது வாராவைக் கடைசி வரைக்கும் விடலை.

1953-ல் லண்டன் நகரத்தின் நடுவிலிருக்கிற செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்துக்கு அவர் பொறுப்பேற்றார். அந்த வருஷம் நவம்பர் 2-ம் தேதி முதல் அழைப்பு வந்தது. நம்பர்: மேன் 9000. அந்தக் காலத்து லண்டன் போன்களில் டயலில் எழுத்துகளும் இருக்கும். மேன்ஷன் ஹவுஸ் எக்ஸ்சேஞ்சின் முதல் மூணு எழுத்து, பிறகு 9000, அவ்வளவுதான். அழுதுக்கிட்டே இருக்கிறவனுக்கும் மறக்காது. அந்தக் கறுப்பு டெலிபோனை இன்னும் அந்தத் தேவாலயத்தில் பத்திரமா வெச்சிருக்காங்க.

இதில் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். அப்போ இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி ஒரு குற்றம். 1961-ல்தான் அந்தச் சட்டம் போச்சு. அதாவது உதவி கேட்டு வாயைத் திறந்தாலே மாட்டிக்கொள்ளலாம். அதனால பேர் கேட்காத, ஊர் கேட்காத, போலீஸுக்குச் சொல்லாத ஒரு நம்பர் தேவைப்பட்டது.

அடுத்து நடந்ததை வாராவே எதிர்பார்க்கலை. அவரைப் பார்க்க ஆட்கள் வந்து குவிய, காத்திருக்கிறவங்களுக்கு டீ கொடுத்து பேச்சுத்துணையா இருக்க சில தன்னார்வலர்கள் வந்தாங்க. கொஞ்ச நாளில் பார்த்தா, டீ குடிச்சுப் பேசினவங்களில் பலர் பாதிரியாரைப் பார்க்காமலேயே மனசு லேசாகித் திரும்பிப் போறாங்க! 1954 பிப்ரவரியில் போனை அந்தத் தன்னார்வலர்கள் கையிலேயே கொடுத்துட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் உருவாச்சு. அறிவுரை சொல்லாதே, காது கொடு. மொத்தக் கொள்கையும் இதுதான்.

இந்த வழி நம்ம ஊருக்கும் வந்தது. 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா'வை ஆரம்பிச்சார். அப்போ இந்தியாவில் இ.பி.கோ. 309 முழு உயிரோட இருந்தது. பிழைச்சு வந்தவர் மேல கேஸ் போடலாம். அதனாலேயே 'தவறுதலா நடந்தது'ன்னு சொல்லி மறைச்ச குடும்பங்கள் எத்தனையோ. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தப்போ 309 பழைய வடிவில் இடம்பெறலை. யோசிச்சுப் பாருங்க, சட்டம் மாற 30 வருஷத்துக்கு முன்னாடியே போன் அடிக்க ஆரம்பிச்சிருக்கு.

சரி, இப்போ நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க பக்கம். 2014 அக்டோபர் கடைசியில் அதே சமாரிட்டன்ஸ் 'ரேடார்'னு ஒரு செயலி விட்டாங்க. நீங்க ட்விட்டரில் பின்தொடர்கிற யாராவது 'தனிமை தாங்கலை'ங்கிற மாதிரி எழுதினா, உங்களுக்கு மெயில் வரும். எழுதினவருக்கு அது தெரியவே தெரியாது. நல்ல எண்ணம்தான். ஆனா, பின்தொடர்கிறவன் நண்பனாத்தான் இருக்கணுமா? தொல்லை கொடுக்கிறவனுக்கு 'இவ இப்போ உடைஞ்சு போயிருக்கா'ன்னு நாமே தகவல் அனுப்பின மாதிரி ஆகாதா? எதிர்ப்பு கிளம்ப, பத்து நாளுக்குள்ள நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அது திரும்ப வரலை.

மேன் 9000 ஜெயிச்சதுக்கும் ரேடார் தோத்ததுக்கும் காரணம் ஒண்ணுதான்னு எனக்குப் படுது. முதலாவதில் கஷ்டப்படுறவர் நம்மைத் தேடி வர்றார், எப்ப வேணா போனை வெச்சுடலாம், பிடி அவர் கையில். இரண்டாவதில் நாம அவரைத் தேடிப் பிடிக்கிறோம், அவரைக் கேட்காமலேயே. இந்த உதவிக்கு வழி காட்ட யார் எதைக் கட்டினாலும், கதவு சட்டுனு கண்ணில் படணும், உள்ளே வர்றவரை யாருன்னு கேட்கக்கூடாது. லாகின் பண்ணு, செல்போன் எண் கொடு, ஓ.டி.பி. போடுன்னு வாசலில் நிறுத்தினா, பாதிப்பேர் அங்கேயே திரும்பிடுவாங்க.

நம்பர் சின்னதா இருக்கணும்னு அரசாங்கங்களும் இப்போ ஒத்துக்கிட்டாங்க. பத்து இலக்க எண்ணை வெச்சிருந்த அமெரிக்கா 2022 ஜூலையில் 988-க்கு மாறியது. அதே வருஷம் அக்டோபர் 10, உலக மனநல நாளில், இந்தியாவில் 'டெலி மானஸ்' வந்தது. எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

அஞ்சே இலக்கம். போனில் சேமிச்சு வைங்க மக்களே. உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்கு ஒரு நாள் தேவைப்படலாம்.