ஆப்பியப் பெருவழி

ரோமாபுரியின் தென்புறத்திலுள்ள சான் செபஸ்தியானோ வாசலைக் கடந்து ஆப்பியப் பெருவழியில் புகுகின்ற பிரயாணி, உயர்ந்த மதில்களுக்கு நடுவே மோட்டார்கள் விரையும் ஒடுங்கிய சாலை ஒன்றையே முதலில் காண்பாராகையால், சற்று ஏமாற்றம் கொள்வது இயல்பு. ஆயினும் பொறுமையோடு சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்து, செசீலியா மெத்தெல்லா என்னும் பிரபுகுலப் பெண்ணின் வட்டவடிவமான சமாதியைத் தாண்டிவிட்டாரானால், பைன் மரங்களும் புல்வெளிகளும் சிதைந்த கல்லறைகளும் இருமருங்கும் தொடர்ந்து வர, கரிய கல் பாவிய பாதை ஆல்பன் குன்றுகளை நோக்கி நேராகச் செல்லும் காட்சி அவர் மனத்தை நிறைத்துவிடும்.

கி.மு. 312-இல் சென்ஸர் என்னும் உயர்பதவி வகித்த ஆப்பியஸ் கிளாடியஸ், இத்தாலிய மலைநாட்டினரான சாம்னைட்டியரோடு நடந்த யுத்தத்தில் ரோமானியச் சேனை காபுவா நகரத்துக்கு விரைந்து செல்லும்பொருட்டு இச்சாலையை நிர்மாணிக்கத் தொடங்கினார். ரோமாபுரிக்கு முதன்முதலாகக் கால்வாய் வழியே தண்ணீர் கொணர்ந்தவரும் அவரே. பின்பு இச்சாலை பெனவெந்தம், தாரெந்தம் ஆகிய நகரங்களின் வழியாகக் கீழ்க்கடற்கரையிலுள்ள பிரண்டிசியம் துறைமுகம் வரையில் சுமார் 540 கிலோமீட்டர் தூரம் நீண்டது. ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலமுள்ள இதன் தளம், ஆல்பன் எரிமலை கக்கிய குழம்பு இறுகிய கல்லால் ஆனது. இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிச் செல்வதற்கு அந்த அகலம் போதும். அக்கற்களில் சில இடங்களில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளங்கள் இன்றும் காணப்படுகின்றன.

நகரத்துக்குள் பிரேதத்தைப் புதைக்கவோ தகனம் செய்யவோ கூடாதென்று பன்னிரு பலகைச் சட்டம் விதித்திருந்தமையால், செல்வர்கள் தங்கள் சமாதிகளைச் சாலையோரத்தில் எழுப்பினார்கள். இறந்தவரின் பேரும் பதவியும் வழிப்போக்கரின் கண்ணில் நாள்தோறும் படவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அந்த வழிப்போக்கரின் கண்ணையே அரசும் கொடிய காரியம் ஒன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டது: கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸ் என்பவன் தலைமையில் எழுந்த அடிமைகளின் கலகம் முறியடிக்கப்பட்டபோது, சிறைப்பட்ட 6,000 அடிமைகளைக் காபுவா முதல் ரோமாபுரி வரையில் இச்சாலை நெடுகச் சிலுவையில் அறைந்து நிறுத்தினார்கள். பெருமையும் பயங்கரமும் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்ட இடம் இது.

சாம்ராஜ்யம் வீழ்ந்தபின் சமாதிகளின் சலவைக்கல் சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் போயிற்று. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காயெத்தானி வம்சத்தார் மெத்தெல்லாவின் சமாதியையே தங்கள் கோட்டையின் கொத்தளமாக்கிக்கொண்டனர். எஞ்சிய சிற்பங்களும் தனவந்தரின் மாளிகைகளுக்கும் காட்சிசாலைகளுக்கும் சென்றுகொண்டிருந்த காலத்திலேதான், 1808-இல், புகழ்பெற்ற சிற்பி அந்தோனியோ கனோவா புதுவழி ஒன்றைக் காட்டினார். நான்காவது மைலுக்கருகே கிடைத்த சமாதி ஒன்றின் உடைந்த துண்டுகளை எடுத்துச் செல்லாமல், அங்கேயே எளிய செங்கற்சுவர் ஒன்றை எழுப்பி அதில் அவற்றைப் பதிக்கச் செய்து, வழக்கத்துக்கு மாறாக அவை அகப்பட்ட இடத்திலேயே விடப்பட்டன என்று கல்லிலும் பொறித்து வைத்தார். 1850-களில் லூயிஜி கனீனா என்னும் கட்டடக் கலைஞர் இச்சாலையைச் செப்பனிட்டபோது அந்த முறையையே பெரும்பாலும் கைக்கொண்டார். வழிப்போக்கருக்காக எழுந்த கல்லை வழியிலிருந்து பெயர்த்துவிட்டால் அதன் பொருளில் பாதி போய்விடுகிறது என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் வந்த ஆபத்தோ கல்லுக்கு மட்டும் வந்ததன்று. செல்வர்கள் சாலையோர நிலங்களை வளைத்து மாளிகைகள் கட்டலாயினர். நகரைச் சுற்றிப் போடப்பட்ட பெரிய வட்டச்சாலை பழைய பாதையை இரண்டாக வெட்டியது. 1953 முதல் அந்தோனியோ செதர்னா என்னும் பத்திரிகை எழுத்தாளர், கல்லறைகளைச் சூழ்ந்த வயலும் வெளியும் அவற்றோடு சேர்ந்தே பாதுகாக்கப்பட வேண்டுமென்று தம் ஆயுள் முழுவதும் வாதாடினார். 1965-இல் சுமார் 2,500 ஹெக்டேர் நிலம் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1988-இல் பூங்கா சட்டபூர்வமாக அமைந்தது. பின்னர், பழைய பாதையை வெட்டிய இடத்தில் வட்டச்சாலையும் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்டு, துண்டுபட்ட பெருவழி மீண்டும் ஒன்றாயிற்று. 2024-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

கனோவா ஒரு சமாதிக்குச் செய்ததைச் செதர்னா ஒரு நிலப்பரப்புக்கே செய்வித்தார் எனலாம். புராதனச் சின்னத்தைப் போற்றுவது என்றால் அதைச் சுற்றிய மண்ணையும் மரத்தையும் வெளியையும் சேர்த்துப் போற்றுவதே என்பதை ஆப்பியப் பெருவழியில் நடக்கும் எவரும் கண்கூடாகக் காணலாம். அப்படிக் காக்கத் துணிந்த மனிதர்கள் இருந்த வரையில்தான் அது பிழைத்தது. இனியும் அப்படித்தான் பிழைக்கும்.