எஸ்தருக்கு எழுதிய கடிதம்



புற்றுநோயினின்று மீண்டோரும் அவர்தம் குடும்பத்தாரும் எழுத்து, ஓவியம், இசை முதலியவற்றால் ஆறுதல் பெறத் துணைசெய்யும் மருத்துவமனைகள் இன்று பல நாடுகளில் உள. முறை புதியதாயினும், அதன் பெயரைக் கேட்டறியாமலே அதனைக் கைக்கொண்ட ஒரு பெண்மணியின் வரலாறு 200 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

ஃபானி பேர்னி, 1778இல் 'எவெலினா' என்னும் நாவலால் புகழெய்திய ஆங்கில எழுத்தாளர். பிரெஞ்சுத் தளபதி தார்பிளேயை மணந்தவர். 1802 முதல் பிரான்சில் வாழ்ந்தார். மார்பிலே கட்டி தோன்ற, வைத்தியர்கள் புற்றுநோய் என்றனர். 1811 செப்டெம்பர் 30ஆம் நாள், பாரிசில் அவர் இல்லத்திலேயே சத்திரசிகிச்சை நடந்தது. ஈதர் மயக்கமருந்தாகப் பயன்படுவதற்கு இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. அருந்தக் கிடைத்தது சிறிது மது மாத்திரமே. கரிய உடையணிந்த எழுவர் அறையினுள் நுழைந்தனர். முகத்தின்மீது இட்ட மெல்லிய கைக்குட்டையினூடே கத்தியின் ஒளியை அவர் கண்டார். கத்தி பிடித்தவர் நெப்போலியனுடைய படைவைத்தியர் லாரே. முடிவில் அவர் முகமும் நோயாளியின் முகம்போல் வெளிறியிருந்ததாம்.

இவற்றை நாம் அறிவது, இங்கிலாந்திலிருந்த தமக்கை எஸ்தருக்கு ஃபானி வரைந்த கடிதத்தால். நிகழ்ந்து பல மாதங்கள்வரை அதைப்பற்றி வாய்திறக்கவும் அவரால் இயலவில்லை. 1812 மார்ச்சில் தொடங்கிய கடிதம் முடிய மூன்று மாதங்கள் சென்றன. எழுதுந்தோறும் தலைவலி வந்தது. எழுதியதை மீண்டும் படித்துப் பார்க்கத் துணிவில்லை. ஆயினும் நிறுத்தினாரல்லர். தமக்கையும் மருகியரும் இத்தகைய அறிகுறி கண்டால் தம்மைப்போல் காலந்தாழ்த்தல் ஆகாது என்பது அவர் கவலை.

1986இல் அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கரும் பீலும் வெளியிட்ட ஆய்வு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம் ஆழ்ந்த துயரை எழுதிய மாணவர்கள் உடனே மனங்கலங்கினர். பின்வந்த மாதங்களிலோ மருத்துவரை நாடியது குறைந்தது. புற்றுநோயாளரிடையே பின்னர் நடந்த ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. எழுத்து கட்டியைக் கரைக்கும் என்பார் பேச்சை நம்பவேண்டா. ஃபானி 1840வரை, 87 வயதுவரை வாழ்ந்தது கத்தியாலேயன்றிப் பேனாவால் அன்று. அக்கட்டி புற்றுநோய்தானா என்றே இக்காலத்தார் சிலர் ஐயுறுவர். மாணவர்க்குக் கடிதம் எழுதப் பயிற்றுகையில் நலம் விசாரித்துத் தொடங்குமாறு கூறுகிறோம். நலமில்லாதவர் எங்ஙனம் தொடங்குவதென்று நாம் கற்பிப்பதில்லை.

அக்கடிதம் கடல் கடக்குமுன்பே, அதே வீட்டில் ஒருவரைச் சென்றடைந்தது. கணவர் படும் துன்பத்தைக் காணப் பொறாத ஃபானி, சத்திரசிகிச்சையின்போது அவர் வெளியே இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார். மாதங்கள் கழிந்தும் தாம் பட்டதை அவரிடம் விரித்துரைத்தாரல்லர். கடிதத்தின் இறுதியில் தார்பிளே தம் கையாலே சில வரிகள் சேர்த்துள்ளார். இவ்விவரங்களை இப்போதுதான் தாம் முதன்முதலாக அறிவதாகவும், படித்துத் தம் உயிரே போய்விடும்போலிருந்ததாகவும் அவர் எஸ்தருக்கு எழுதினார்.