பிஜித் தீவில் முருகப்பெருமான்

பசுபிக் சமுத்திரத்திலுள்ள பிஜிக்குச் செல்லும் அன்பர்கள், விமானம் இறங்கும் நாடி நகரிலேயே சிவசுப்பிரமணிய சுவாமியைத் தரிசிக்கலாம். இன்றைய ஆலயம் 1994ஆம் ஆண்டில் கும்பாபிஷேகம் கண்டது. முருக வழிபாட்டை அங்கு கொண்டுசென்றவர்களோ கரும்புத் தோட்டக் கூலிகள்.

இந்தியக் கூலிகளின் முதற் கப்பல் 1879இல் கல்கத்தாவிலிருந்து சென்றது. தமிழர் 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியதை அறியாதார் யார்?

1926இல் சாது குப்புசுவாமி தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். சங்கம் பல பாடசாலைகளைக் கட்டியது. எனினும் கொள்ளுப் பேரர்களின் வீட்டுமொழி இன்று பிஜி இந்தியே. காவடியும் தீமிதியும் மட்டும் விட்டுப்போகவில்லை. தமிழில் குசலம் விசாரித்தால் மறுமொழி கிடைப்பது அரிது.

மலேரியா அங்கில்லை, டெங்கு உண்டு. நுளம்புத் தைலத்தை மறவாதீர்கள்.