ஒளிப்படக் கருவியிலிருந்து திரைக் கருவிக்கு: கலப்பினக் கேமராத் தேர்வு அளவுகோல்களின் வரலாறு (2008–2023)

ஆய்வுச்சுருக்கம்

நிலைப்படம் எடுப்பதற்கென வடிவமைக்கப்பட்ட டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்கள் 2008ஆம் ஆண்டு முதல் காணொளியையும் பதிவு செய்யத் தொடங்கின. ஹைபிரிட் எனப்படும் இக்கலப்பினக் கேமராக்களைத் தொழில்முறைப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும்போது பதிவு நேரம், ஒலி, நிற ஆழம், வெப்பம் தாங்கும் திறன் முதலியன இன்று அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வளவுகோல்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு காலத்தில், குறிப்பிட்ட ஒரு குறைபாட்டிலிருந்து தோன்றின என்பதையும், அக்குறைபாடுகள் சில பொறியியலால் அன்றி வரிவிதிப்பாலும் வணிக முடிவுகளாலும் உண்டானவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலப்பினக் கேமரா, காணொளி, ஒளிப்பதிவு, சென்சார், நிற ஆழம், பதிவு நேர வரம்பு.

முன்னுரை

திரைப்படத் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் பெரிய கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு நேர்ந்த மாற்றத்தைப் பேசுவோர் ஆரி, ரெட், சோனி நிறுவனங்களின் திரைக்கேமராக்களையே முன்னிறுத்துவர். ஆயின் ஆவணப்படம், விளம்பரப்படம், திருமணப் பதிவு, குறும்படம், சிறு முதலீட்டுத் திரைப்படம் ஆகிய துறைகளில் பணியாற்றுவோருள் மிகப் பலரின் வாழ்வை மாற்றியது தோளில் தொங்கவிடத்தக்க ஒரு நிலைப்படக் கேமராவே ஆகும்.

இத்தகையோருக்குக் கேமராத் தேர்வு என்பது பல மாத வருவாயை ஒரே பொருளில் இடும் முடிவு. அம்முடிவுக்குத் துணையாக உற்பத்தியாளர் தரும் விவரப்பட்டியல், எல்லாக் கூறுகளையும் ஒரே வரிசையில் சமமாக அடுக்கிவிடுகிறது. எந்தக் கூறு ஏன் பட்டியலில் இடம்பெற்றது என்பதை அறிய அதன் வரலாற்றை நோக்க வேண்டியுள்ளது.

1. 2008: எதிர்பாராத தொடக்கம்

2008 ஆகஸ்டில் நிக்கான் நிறுவனம் அறிவித்த டி90, காணொளி பதிவு செய்யும் முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா ஆகும். நொடிக்கு 24 சட்டகங்கள், 1280×720 புள்ளிகள், ஒரு முறைக்கு 5 நிமிடம் என்பன அதன் எல்லைகள். அடுத்த மாதமே கேனான் நிறுவனம் இஓஎஸ் 5டி மார்க் 2 கேமராவை அறிவித்தது. 2,699 அமெரிக்க டாலர் விலையில் வந்த அக்கேமரா, 36×24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டகச் சென்சாரில் 1920×1080 புள்ளிகள் கொண்ட காணொளியைப் பதிவு செய்தது.

இதன் முதன்மையை உணர அக்காலச் சூழலை நினைவிற்கொள்ள வேண்டும். அன்று சிறு தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய கையடக்கக் காணொளிக் கேமராக்களின் சென்சார்கள் மிகச் சிறியவை. அவற்றில் முன்னிருப்பவரும் பின்னிருக்கும் சுவரும் ஒருசேரத் தெளிவாகவே தெரியும். பின்புலம் மங்கி முகம் மட்டும் துலங்கும் திரைப்படத் தோற்றத்தைப் பெற, கேமராவின் முன் தனி இணைப்பிகளைப் பொருத்தி ஒளியை இழக்க வேண்டியிருந்தது. 5டி மார்க் 2இன் சென்சாரோ 35 மி.மீ. திரைப்படச் சட்டகத்தைவிடப் பரப்பில் ஏறத்தாழ இருமடங்கு பெரிது.

நியூயார்க்கைச் சேர்ந்த செய்தி ஒளிப்படக்காரர் வின்சென்ட் லாஃபோரே, இக்கேமராவின் முன்மாதிரியை ஒரு வார இறுதிக்கு இரவல் பெற்று 'ரெவரி' என்னும் குறும்படத்தை எடுத்தார். இரவு நகரின் இயல்பான ஒளியில் எடுக்கப்பட்ட அப்படம் இணையத்தில் விரைந்து பரவியது. செய்தி ஒளிப்படக்காரருக்குத் துணை வசதியாகக் கருதப்பட்ட ஒன்று, திரைப்படக் கலைஞரின் கருவியாகப் பார்க்கப்படத் தொடங்கியது இதன் பின்னரே. ஆகவே முதல் அளவுகோல் சென்சாரின் அளவு. அது தோற்றத்தை மட்டுமே அளந்தது. உழைக்கும் திறனை அளக்கவில்லை.

2. தோற்றத்தின் விலை: 2009–2012

தொழில்முறைப் பணியில் ஈடுபடுத்தியபோது 5டி மார்க் 2இன் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. முதலில் அது நொடிக்கு 30 சட்டகங்களை மட்டுமே பதிவு செய்தது. திரைப்படத்துக்குரிய 24 சட்டக வேகமோ, ஐரோப்பிய, இந்தியத் தொலைக்காட்சிக்குரிய 25 சட்டக வேகமோ இல்லை. காணொளியில் ஒளியளவைக் கையால் கட்டுப்படுத்த இயலாதிருந்தது. சென்சாரின் எல்லா வரிகளையும் படிக்காமல் இடையிடையே விட்டுப் படித்ததால், கோடிட்ட சட்டை, ஓட்டுக்கூரை போன்றவற்றில் பொய்யான அலைக்கோலங்கள் தோன்றின. வரிகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்பட்டதால், விரைந்து செல்லும் வாகனமும் கம்பமும் சாய்ந்து தெரிந்தன. ஒரு கோப்பு 4 ஜிபி அளவை எட்டியதும், அதாவது ஏறத்தாழ 12 நிமிடத்தில், பதிவு நின்றது. ஒலியளவு தானாகவே ஏறி இறங்கியதால், பேசுவோர் நிறுத்தும் இடங்களில் இரைச்சல் மேலெழுந்தது.

இக்குறைகளுள் சில மென்பொருளால் தீரக்கூடியவை என்பது விரைவில் தெளிவாயிற்று. 2009 ஜூனில் கேனான் வெளியிட்ட இயக்க மென்பொருள் ஒளியளவைக் கையால் கட்டுப்படுத்த வழிசெய்தது. 2010 மார்ச்சில் 24, 25 சட்டக வேகங்களும் ஒலியளவுக் கட்டுப்பாடும் வந்தன. இதற்கிடையில் 2009இல் டிராமெல் ஹட்சன் என்பார் 'மேஜிக் லேன்டர்ன்' என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கி, ஒலியளவு காட்டி முதலிய வசதிகளை அதே கேமராவில் இயங்கச் செய்தார். கருவி வாங்கிய அன்று அதிலுள்ள வசதிகளே அதன் முழுத்திறன் அன்று என்பதைப் பயனர்கள் இவ்வாறு கற்றனர்.

குறைகளோடும் இக்கேமரா பெருந்தயாரிப்புகளுள் நுழைந்தது. 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி, 2010 மே மாதம் ஒளிபரப்பானது. இயக்குநர் கிரெக் யைட்டேன்ஸ் அதனை முழுவதும் 5டி மார்க் 2 கொண்டு எடுத்தார். இடிபாடுகளுக்குள் சிக்கியவரைப் பற்றிய கதைக்குப் பெரிய கேமரா நுழைய இயலாத இடுக்குகள் தேவைப்பட்டன. தென்னிந்தியாவிலும் இப்போக்கு உடனடியாக எதிரொலித்தது. 2011இல் ராம் கோபால் வர்மாவின் தெலுங்குப் படமான 'தொங்கல முட்டா' 5டி கேமராக்களைக் கொண்டு ஐந்தே நாட்களில் படமாக்கப்பட்டது. அதே ஆண்டு மலையாளத்தில் 'சாப்பா குரிசு' கேனான் 7டி கேமராவில் எடுக்கப்பட்டது. 2012இல் தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்துக்கு விஜய் மில்டன் நிலைப்படக் கேமராவைக் கையாண்டார்.

இப்படங்களின் வழியே ஒரு பாடம் புலப்படுகிறது. ஒலியைத் தனிக்கருவியில் பதிந்து பின்னர் இணைக்கும் வழக்கமும், காட்சியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எடுக்கும் முறையும் உடைய கதைப்படத்துக்கு மேற்கூறிய குறைகள் தாங்கத்தக்கவை. தடையின்றி ஒரு மணிநேரம் நீளும் நேர்காணலுக்கோ கச்சேரிப் பதிவுக்கோ அவை தாங்கத்தக்கவை அல்ல. ஒரே கேமரா ஒரு பணிக்கு ஏற்றதாகவும் மற்றொன்றுக்கு ஒவ்வாததாகவும் இருந்தது.

3. வரி வகுத்த எல்லை

பதிவு நேரம் என்னும் அளவுகோலின் வரலாறு தனித்துக் கருதத்தக்கது. கோப்பளவுச் சிக்கல் நீங்கிய பின்னரும், 2012இல் வந்த 5டி மார்க் 3 உட்படப் பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்தின. இவ்வெண்ணின் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வகைப்பாட்டில் உள்ளது. 800×600 புள்ளிகள் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில், நொடிக்கு 23 சட்டகங்களுக்குக் குறையாமல், தொடர்ந்து 30 நிமிடமேனும் பதிவு செய்யும் கருவி அங்குக் காணொளிப் பதிவுக் கருவி என வகைப்படுத்தப்பட்டுச் சுங்கவரிக்கு உள்ளாயிற்று. அவ்வெல்லைக்குள் நின்ற டிஜிட்டல் ஒளிப்படக் கேமராவுக்கு வரி இல்லை.

பானசோனிக் நிறுவனத்தின் ஜிஎச்4 இதற்குத் தக்க சான்று. ஐரோப்பியச் சந்தைக்குரிய ஜிஎச்4 அரைமணியில் நின்றது. பிற சந்தைகள் சிலவற்றுக்குரிய அதே கேமரா நினைவக அட்டை நிறையும்வரை இயங்கியது. எனவே அவ்வரம்பு கருவியின் இயலாமை அன்று. 2015இல் உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாடு விரிவாக்கப்பட்டு, இவ்வகைக் கருவிகள் மீதான வரிகளைப் படிப்படியாக நீக்க வழி பிறந்தது. 2017இல் வந்த ஜிஎச்5 எச்சந்தையிலும் நேர வரம்பின்றி வெளியாயிற்று.

வரியைப் போன்றே நிறுவனங்களின் பொருள் வரிசையும் எல்லை வகுத்தது. 2011 நவம்பரில் கேனான், சி300 என்னும் திரைக்கேமராவைப் பல மடங்கு விலையில் அறிமுகம் செய்தது. தொழில்முறை ஒலி இணைப்புகள், உள்ளமைந்த ஒளிகுறைப்பு வடிகட்டிகள் ஆகியன அதில் இடம்பெற்றன. நிலைப்படக் கேமராப் பயனர்கள் மூன்றாண்டுகளாகக் கேட்டுவந்த வசதிகள் வேறொரு விலைத் தட்டில் வைக்கப்பட்டன.

4. நிறமும் இருளும்: 2014–2017

2014இல் இரு கேமராக்கள் தேர்வின் திசையைப் பிரித்தன. ஜிஎச்4, நினைவக அட்டையிலேயே 4கே காணொளியைப் பதிந்த முதல் கண்ணாடியற்ற கேமரா ஆகும். அதன் சென்சார் முழுச்சட்டகத்தின் நான்கில் ஒரு பங்கு பரப்பே உடையது. சோனியின் ஆல்ஃபா 7எஸ், முழுச்சட்டகத்தில் ஏறத்தாழ 12 மெகாபிக்சல் மட்டுமே கொண்டு, பெரிய புள்ளிகளால் மங்கிய ஒளியிலும் தெளிவான காட்சியைத் தந்தது. ஆயின் 4கே பதிவுக்கு வெளிக்கருவி தேவைப்பட்டது. நிலைப்பட உலகில் பெருமையெனக் கருதப்பட்ட மெகாபிக்சல் எண்ணிக்கையைக் குறைத்ததன் மூலம் காணொளித் திறனைப் பெற்ற கேமரா என்ற வகையில் ஆல்ஃபா 7எஸ் ஒரு திருப்புமுனை எனலாம்.

இக்காலத்திலேயே நிற ஆழம் அளவுகோலாயிற்று. அதுவரை வந்த கலப்பினக் கேமராக்கள் 8 பிட் முறையில், ஒவ்வோர் அடிப்படை நிறத்தையும் 256 படிகளாகப் பதிந்தன. அவ்வாறே வெளியிடப்படும் காட்சிக்கு இது போதும். பிற்தயாரிப்பில் நிறத்திருத்தம் செய்யும்போது, வானம், சுவர் போன்ற சீரான பரப்புகளில் பட்டைகள் தோன்றும். ஜிஎச்5, 10 பிட் முறையில் 1,024 படிகளைக் கேமராவுக்குள்ளேயே பதிந்தது. படப்பிடிப்பில் கண்ணுக்குத் தெரியாமல், நிறத்திருத்த மேசையில் மட்டும் வெளிப்படும் வேறுபாடு இது. ஆகவே கேமராவைத் தேர்வோர் படப்பிடிப்பின் இறுதியை மட்டுமன்றிப் பணியின் இறுதியையும் எண்ணவேண்டியதாயிற்று.

5. வெப்பமும் ஏற்பும்: 2019–2023

2020 ஜூலையில் கேனான் அறிவித்த இஓஎஸ் ஆர்5, 8கே காணொளியைப் பதிந்தது. ஆயினும் 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 8கே பதிவு ஏறத்தாழ 20 நிமிடத்தில் வெப்பத்தால் நின்றுவிடும் என நிறுவனமே தெரிவித்தது. சென்னையின் கோடைப் பகலில் அவ்வெப்பநிலை திறந்தவெளியில் கிட்டாது என்பது சொல்லாமலே விளங்கும். இயக்க மென்பொருளின் வழி நிலை ஓரளவு சீர்பெற்றது. 2022இல் வந்த ஆர்5 சி விசிறியுடன் வெளியாயிற்று. அதற்கு முன்னரே பானசோனிக்கின் எஸ்1எச் (2019), சோனியின் எஃப்எக்ஸ்3 (2021) ஆகியவை விசிறியுடன் வந்திருந்தன. எஃப்எக்ஸ்3 தொழில்முறை ஒலி இணைப்புகளையும் கைப்பிடியில் கொண்டது.

நிறுவன ஏற்பும் இக்காலத்தில் அளவுகோலாயிற்று. நெட்ஃபிளிக்ஸ் தன் தயாரிப்புகளுக்கு ஏற்கும் கேமராக்களின் பட்டியலில் 2019இல் எஸ்1எச் இடம்பெற்றது. கண்ணாடியற்ற நிலைப்படக் கேமரா வகையில் அதுவே முதல். 2023இல் வெளியான கேரத் எட்வர்ட்ஸின் 'தி கிரியேட்டர்', சுமார் 8 கோடி டாலர் செலவில், எஃப்எக்ஸ்3 கொண்டு எடுக்கப்பட்டது. கிரெய்க் ஃபிரேசர், ஓரென் சோஃபர் ஆகியோர் ஒளிப்பதிவு செய்தனர். அங்கும் காட்சிகள் வெளிப்பதிவுக் கருவியிலேயே பதியப்பட்டன என்பது கருதத்தக்கது. சிறிய கேமராவைச் சுற்றி, தேர்ந்த கலைஞர்களும் லென்சுகளும் நீண்ட பிற்தயாரிப்பும் இருந்தன. அப்படத்தைக் கேமராவின் வெற்றியாக மட்டும் கூறுவது பொருந்தாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கலப்பினக் கேமராவின் தேர்வு அளவுகோல்கள் ஒருங்கே தோன்றியவை அல்ல. சென்சார் அளவு 2008இலும், சட்டக வேகமும் ஒலியும் 2009–2010இலும், நிற ஆழம் 2014–2017இலும், வெப்பம் 2020இலும் முன்னிலை பெற்றன. ஒவ்வொன்றும் முந்தைய கருவியின் குறை விட்டுச்சென்ற தடம்.

2. எல்லாக் குறைகளும் பொறியியற் குறைகள் அல்ல. அரைமணி வரம்பு சுங்க வகைப்பாட்டிலிருந்தும், ஒலி இணைப்புகளின் இன்மை பெரும்பாலும் பொருள் வரிசையிலிருந்தும் பிறந்தன. 'தொழில்முறைக் கருவி' என்னும் பெயரை ஒளிப்பதிவாளரோடு சுங்க அதிகாரியும் விற்பனைத் துறையும் சேர்ந்தே வரையறுத்து வந்துள்ளனர்.

3. எக்காலத்தும் கருவியை ஏற்கச் செய்தது அதன் தோற்றம். அதைக் கைவிடச் செய்தது அதன் நிற்றல். பதிவு நின்றால், ஒலி கெட்டால், வெப்பம் மிகுந்தால் மீண்டும் எடுக்க முடியாத பணி எதுவோ, அப்பணிக்குக் காட்சியின் அழகைவிடக் கருவியின் உறுதியே முதன்மையானது. மீண்டும் எடுக்க இயலும் கதைப்படத்துக்கு இவ்வரிசை மாறலாம்.

எனவே விவரப்பட்டியலை நோக்கும் முன், எடுக்கவிருக்கும் பணி எவ்வளவு நேரம், எவ்வெப்பத்தில், எவ்வொலியோடு, எத்தகைய பிற்தயாரிப்புக்காக நடைபெறும் என்பதை வரையறுத்தல் இன்றியமையாதது. பதினைந்து ஆண்டு வரலாறு காட்டும் வழி இதுவே.