கற்பூரம் தேடியவர்களும் காடு காப்பவர்களும்

பெருமாள் கோவில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம் ஒரு காலத்தில் நம் ஜொகூர் காட்டிலிருந்தும் போனது என்றால் நம்புவீர்களா? காப்பூர் என்னும் பெருமரத்தைப் பிளந்து, அதன் வயிற்றில் படிந்திருக்கும் வெள்ளைப் படிகத்தைச் சுரண்டி எடுப்பார்கள். இந்த வாணிபம் தமிழனுக்குப் புதிதல்ல. கற்பூரத்துக்குப் பெயர் போன சுமத்ராவின் பாருஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு 1088-ஆம் ஆண்டிலேயே கல்வெட்டு நாட்டியிருக்கிறது.

ஜொகூரில் அந்த மரத்தைத் தேடிப் போனவர்கள் ஜக்கூன் பூர்வகுடி மக்கள். 1892-இல் லேக், கெல்சல் என்ற இரு ஆங்கிலேயர்கள் எண்டாவ், செம்புரோங் ஆறுகளின் வழியே பயணம் செய்து, இவர்களின் 'கற்பூர மொழி' பற்றி 1894-இல் எழுதி வெளியிட்டார்கள். கற்பூரம் தேடும் நாட்களில் ஜக்கூன் மக்கள் வழக்கமான சொற்களைப் பேசமாட்டார்கள். விலங்குக்கும் மரத்துக்கும் சோற்றுக்கும் வேறு பெயர். மரத்தின் ஆவி கோபித்துக்கொண்டால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை. மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். நம் தோட்டத்துப் பெரியவர்களும் இரவில் பாம்பைப் 'பூச்சி' என்றுதானே சொன்னார்கள்? காட்டுக்குள் நுழையும்போது வாயைக் கட்டு, கையைக் கட்டு என்ற ஒழுங்கு அது. அந்த ஒழுங்கோடு வாழ்ந்தவர்களின் ஊர்களில் ஒன்றுதான் எண்டாவ் ஆற்றங்கரையில் இருக்கும் கம்போங் பெத்தா.

அந்தக் காட்டுக்கு ஆபத்து கோடரி வடிவில் வந்தது. மூன்றாவது மலேசியத் திட்டத்தில் தேசியப் பூங்காவாக முன்மொழியப்பட்ட எண்டாவ்-ரொம்பின் பகுதியில், 1977-இல் பகாங் மாநில அரசு வெட்டுமரத்துக்கு அனுமதி கொடுத்தது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. மறு ஆண்டு வெட்டு நின்றது. 1985-86-இல் மலாயா இயற்கைக் கழகம் அங்கே பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியபோது, விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியவர்கள் ஜக்கூன் மக்களே. 1989-இல் ஜொகூர் தனக்கென ஒரு பூங்காச் சட்டம் இயற்றியது. 1993-இல் 48,905 ஹெக்டர் நிலம் பூங்காவாக அரசிதழில் ஏறியது.

காடு பிழைத்தது. அதில் வாழ்ந்தவர்களின் உரிமை என்ன ஆயிற்று? இதற்கு அதே ஜொகூரில் இன்னொரு வழக்கு பதில் சொன்னது. சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொடுக்க லிங்கியு பள்ளத்தாக்கில் அணை கட்டியபோது, அங்கே வேட்டையாடியும் காட்டுப் பொருள் சேகரித்தும் வாழ்ந்த ஜக்கூன் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1996-இல் ஜொகூர் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு 2 கோடியே 65 லட்சம் வெள்ளி இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. நீதிபதி எடுத்துக்காட்டிய தீர்ப்புகளில் ஒன்று, 1992-இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற மாபோ வழக்கு.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2007 முதல் அங்கே மத்திய அரசு பூர்வகுடி வனக்காவல் குழுக்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. பல இடங்களில் குழுவை நடத்துவது அந்த நிலத்துக்குரிய மக்களின் அமைப்பே. எங்கே தீ வைத்துச் சருகைக் குறைப்பது, எந்த நீர்நிலையைக் காப்பது என்று பெரியவர்களைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020-இல், முன்னாள் படைவீரர்களையும் பூர்வகுடி மக்களையும் காவல் ரோந்துக்குச் சேர்க்கும் திட்டத்தை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தொடங்கியது. பேராக்கின் பெலும் காட்டில் ஜஹாய் மக்களைக் கொண்ட 'மென்ராக்' ரோந்துக் குழு நடக்கிறது. இவர்கள் தேடுவது கம்பிக் கண்ணிகளை. சருகுக்கடியில் மறைத்து வைத்த கம்பியைக் கண்டுபிடிக்கக் காட்டில் வளர்ந்த கண் வேண்டும். மிதித்த இலையின் வாட்டம், வளைத்துக் கட்டிய இளமரம், அந்நியனின் காலடி, இவையெல்லாம் அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து.

கேரளத்துப் பெரியாறு காட்டில் 1990-களின் பிற்பகுதியில், திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களையே காவலர்களாக்கினார்கள். அவர்களின் வழித்தடம் தெரிந்த மற்ற திருடர்கள் அஞ்சி ஒதுங்கினார்கள். நம் பூர்வகுடிகள் திருடர்கள் கூட அல்லர். அப்படியிருக்க, அவர்களைக் கூலிக்கு நடக்கும் கால்களாக மட்டும் வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்? ரோந்து எந்த ஓடையில் தொடங்க வேண்டும், மழைக்காலத்தில் எந்த மேட்டைக் காக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் அவர்களில் ஒருவர் உட்கார வேண்டாமா? சட்டப்படி கைது செய்யும் அதிகாரம் அதிகாரிகளிடமே இருக்கட்டும். தலைமை வேறு, அதிகாரம் வேறு.

எண்டாவ்-ரொம்பின் ஒரு காலத்தில் சுமத்ரா காண்டாமிருகத்தின் கோட்டை. நாட்டின் கடைசி காண்டாமிருகமான இமான், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. புலிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குளுவாங், கஹாங் பக்கம் போகும் நேயர்கள் பெத்தா வரை சென்று, அங்குள்ள ஜக்கூன் வழிகாட்டிகளிடம் காப்பூர் மரம் எது என்று கேட்டுப் பாருங்கள்.